எதிர்க்கரைப் பாறையில் காய்ந்த மிளகாய் எந்த நாட்டுடையது?

அனுப்புநர்:
செயலாளர்,
ஆற்றோர மிளகாய் விவசாயிகள் சங்கம்,
படகுத்துறைத் தெரு.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
வேளாண் ஏற்றுமதிச் சான்றளிப்புத் தலைமை அலுவலகம்,
தலைநகரம்.

பொருள்: நம் நாட்டில் விளைந்து, எதிர்க்கரைப் பாறையில் காயவைக்கப்பட்ட மிளகாய் வற்றலுக்குப் பிறப்பிடச் சான்று மறுக்கப்பட்டது – அவ்வற்றல் எந்த நாட்டுடையது எனத் தெளிவுபடுத்த வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. எங்கள் சங்கம் அளித்த விண்ணப்பம். 2. அதை நிராகரித்துத் தங்கள் கிளை அலுவலகம் அனுப்பிய ஒரு வரிக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் அம்மையாராகவும் இருக்கக்கூடும். தங்கள் அறையின் பெயர்ப் பலகையை நான் பார்த்ததில்லை. அவ்வாறாயின் மேற்கண்ட சொல்லைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. குறை கூறுவது என் நோக்கமன்று. எனக்கு ஒன்று புரியவில்லை, அவ்வளவுதான். புரியாதது என் குறையா, விதியின் குறையா என்பதும் புரியவில்லை. நான் அச்சகமொன்றில் பிழை திருத்துநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விவசாயி அல்லன். மிளகாய் பயிரிடும் நிலம் என் மனைவியுடையது, ஊரும் அவருடையதே. இங்கே குடியேறி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், தலையில் ஒரு கறுப்பு முடிகூட மிச்சமில்லாத நிலையிலும், ஊரார் என்னை இன்னும் ‘மாப்பிள்ளை’ என்றே அழைக்கிறார்கள். தப்பில்லாமல் எழுதுவேன் என்று நம்பிச் சங்கத்தின் செயலாளராக்கினார்கள். அந்த நம்பிக்கையின் விளைவே இம்மனு. சங்கத்தின் தலைவர் என் மனைவியின் தம்பி.

2. எங்கள் ஊருக்கு முன்னால் ஆறு, பின்னால் மலை. நாட்டின் எல்லை ஆற்றின் நடுவே ஓடுவதாக வரைபடம் சொல்கிறது. அப்படியொரு கோட்டை நான் பார்த்ததில்லை. நாள்தோறும் அதைக் கடக்கும் படகுக்காரரும் பார்த்ததில்லை என்கிறார். மலை மேற்கே இருப்பதால், மதியச் சாப்பாடு முடிந்து கை கழுவுவதற்குள் எங்கள் களத்தில் நிழல் விழுந்துவிடும். அரை வெயிலில் காயும் மிளகாய்ப் பழம் காம்பருகே பூஞ்சை பிடிக்கும். நிறம் வெளுத்துச் சோடையாகும். எதிர்க்கரையிலோ, அதாவது அண்டை நாட்டில், அகலமான கரும்பாறை ஒன்று கிடக்கிறது. விடிந்தது முதல் பொழுது சாயும்வரை அதன்மேல் வெயில் நகராது. மேலே சூரியன், கீழே சுடும் கல். எங்கள் மிளகாய் பழமாகப் படகேறிப் போய், வற்றலாகத் திரும்பி வரும். கரையோரத்தவர் அன்றாடம் போய்வர இரு நாடுகளும் அனுமதிச் சீட்டு கொடுத்திருக்கின்றன.

அந்தப் பாறை என் கொழுந்தியாள் வீட்டுக்குப் பின்புறம் இருக்கிறது. இவர் என் மனைவியின் சித்தி மகள், அக்கரையில் வாழ்க்கைப்பட்டவர். பரப்பிய பழத்தைக் கிளறிவிடுவதும், ஆடு வாய் வைக்காமல் பார்ப்பதும், மேகம் கறுத்தால் தார்ப்பாய் போடுவதும் அவரே. கூலி கிடையாது. தன் வீட்டுக்கு வேண்டிய வற்றலை எடுத்துக்கொள்வார். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது பழமொழி. எங்களுக்கு மட்டும் அது சிவப்பு.

3. சென்ற ஆண்டு நம் நாடு, கடலுக்கு அப்பாலுள்ள சில நாடுகளோடு வட்டார வர்த்தக ஒப்பந்தம் செய்துகொண்டது. அண்டை நாடு இதில் சேரவில்லை. ஆனால் அதே நாடுகளோடு அதுவும் பிறகு தனியாக ஒரு வரியில்லா ஒப்பந்தம் செய்துகொண்டது. அந்நாடுகளில் ஒன்றிலுள்ள மசாலா ஆலைதான் பல ஆண்டுகளாக எங்கள் வற்றலை வாங்கிவருகிறது. பாறையில் காய்ந்த நிறமே தங்களுக்குப் பிடித்தது என்று முன்பு ஒருமுறை எழுதியும் இருக்கிறார்கள். அப்போது எந்த நாட்டு வற்றலானாலும் அங்கே ஒரே இறக்குமதி வரி. யாருடைய மிளகாய் எங்கே காய்ந்தது என்று எவரும் கேட்டதில்லை. இப்போது நம் நாட்டு வற்றலுக்கு அந்த வரி அறவே இல்லை. ஆனால் அது நம் நாட்டு வற்றல்தான் என்பதற்குத் தங்கள் அலுவலகத்தின் பிறப்பிடச் சான்று வேண்டும். சான்று உள்ள சரக்கை மட்டுமே இனி வாங்குவோம் என்று ஆலை எழுதிவிட்டது. அவர்களையும் குறை சொல்ல இயலாது. பக்கத்து ஆலை வரியில்லாமல் வாங்கும்போது, இவர்கள் மட்டும் வரி கட்டி வாங்கி எப்படிப் பிழைப்பார்கள்?

ஒப்பந்தச் செய்தி வந்த அன்று எங்கள் தலைவர் படகுத்துறையில் நின்று, "இனிமே நம்ம மிளகாய்க்குக் கடல்ல கதவே கிடையாது!" என்று முழங்கினார். வழக்கமாக வாங்கும் உள்ளூர் வியாபாரியிடம் யாரும் விற்க வேண்டாம், முழு விளைச்சலும் கப்பலுக்கே என்றார். அனைவரும் கேட்டுக்கொண்டார்கள். கதவு இருந்த காலத்தில் அது திறந்திருந்தது. கதவை எடுத்த பிறகு எங்களால் நுழைய முடியவில்லை. என் குழப்பம் இந்த இடத்தில் தொடங்குகிறது.

4. விண்ணப்பத்தை நிரப்பியவன் நான். அதில் ‘பதப்படுத்திய இடம் (பொருந்தினால் மட்டும்)’ என்று ஒரு கட்டம் இருந்தது. காயவைப்பது பதப்படுத்துவதாகுமா என்று அகராதியைப் புரட்டினேன். ஆகும் போலவும் இருந்தது, ஆகாது போலவும் இருந்தது. கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கலாம். ஆனால் வெற்றிடத்தைக் கண்டால் அச்சகத்தில் பழகிய கை சும்மா இருப்பதில்லை. சந்தேகம் வந்தால் உள்ளதை எழுதிவிடுவது என் வழக்கம். ‘எதிர்க்கரைப் பாறை (வெயிலில்)’ என்று எழுதினேன். அடைப்புக்குறியைக்கூட மறக்கவில்லை.

பின்னர் இதை அறிந்த தலைவர் என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: "அத்தான், கேக்காத கேள்விக்குப் பதில் எழுதுற ஒரே மனுஷன் இந்த உலகத்துலயே நீங்கதான்."

5. மூட்டைகள் துறைமுகக் கிடங்கில் காத்திருக்க, நான் கிளை அலுவலகத்தில் காத்திருந்தேன். கண்ணாடித் தடுப்பில் பேசுவதற்கான ஓட்டை மார்பளவில்தான் இருக்கிறது. குனிந்தால் அதிகாரியின் முகம் தெரிவதில்லை. நிமிர்ந்தால் அவர் பேசுவது கேட்பதில்லை. ஆகவே சில சொற்கள் விடுபட்டிருக்கலாம். அவர் மரியாதையாகவே நடத்தினார். விண்ணப்பத்தைப் படித்து முதலில் சிரித்தார், பிறகு மீண்டும் படித்துச் சிரிப்பதை நிறுத்தினார்.

"பெரியவரே, உங்க மிளகாய் நாட்டை விட்டுப் போயிட்டு வந்திருக்கே."

காயத்தான் போனது, காய்ந்ததும் வந்துவிட்டது என்று தெரிவித்துக்கொண்டேன்.

"அதான் சொல்றேன். பாஸ்போர்ட் இல்லாமப் போயிட்டு வந்திருக்கு."

எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மரியாதைக்கு நானும் சிரித்தேன். பிறகு அவர் ‘இப்பொருள் இந்நாட்டில் முழுமையாகக் கிடைத்த பொருள் அன்று’ என்று எழுதிக் கொடுத்தார். அந்த வரியில் பிழை ஏதும் இல்லை, நான் பார்த்தேன். நான் தயங்கி நிற்பதைக் கண்டு, "அந்தப் பக்கம்தானே காஞ்சுது? அவங்ககிட்டயே சர்டிபிகேட் கேட்டுப் பாருங்களேன்" என்று வழியும் சொன்னார். ஊர் திரும்பியதும் படகுத்துறையில் படகுக்காரர், "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டார், மாப்பிள்ளை சார்" என்றார். இது தங்கள் அலுவலகத்தைப் புண்படுத்தச் சொன்னதன்று. நடந்ததை விடாமல் எழுதும் பழக்கத்தால் எழுதிவிட்டேன்.

6. அதிகாரி காட்டிய வழியைத் தட்டக் கூடாதென்று, கொழுந்தியாள் மூலம் அண்டை நாட்டு அலுவலகத்தில் விசாரித்தேன். விதை போட்டது எங்கே, பறித்தது எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். இக்கரையில் என்றதும், அப்படியானால் அது இக்கரை மிளகாய்தான், காயவைத்ததால் அக்கரையுடையதாகாது என்று அனுப்பிவிட்டார்கள். கொழுந்தியாள் தம் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே ஆற்றங்கரைக்கு வந்து, அங்கிருந்தே குரல் கொடுத்தார்:

"அத்தான்! உங்க மிளகாய் எங்க ஊருதும் இல்லையாம், உங்க ஊருதும் இல்லையாம்! ஆத்துக்குப் பொறந்ததுன்னு எழுதிக்குங்க! ஏன், எங்க வெயில் பட்டா ஒட்டிக்குமாக்கும்?"

படகுத்துறை முழுவதும் கேட்டது. அன்றிலிருந்து ஊரில் எங்கள் வற்றலுக்கு ‘இரண்டுங்கெட்டான்’ என்று பெயர்.

7. என் அறிவு போதாது என்பதை உணர்ந்து, ஒப்பந்தத்தின் மொழிபெயர்ப்பை வரவழைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். நான் தவறாகவும் படித்திருக்கலாம். எனினும் எனக்குத் தென்பட்டதைச் சொல்கிறேன்.

ஓரிடத்தில், உலர்த்துதல், துடைத்தல், மூட்டை கட்டுதல் ஆகியவை அற்பமான வேலைகள், இவற்றால் ஒரு பொருளுக்குப் புதிய பிறப்பிடம் உண்டாகாது என்றிருக்கிறது. அண்டை நாட்டார் சொன்னதும் அதுவே. இன்னோரிடத்தில், நாட்டை விட்டு வெளியேறித் திரும்பும் பொருள் தன் பிறப்பிடத்தை இழக்கும் என்றிருக்கிறது. தங்கள் கிளை அலுவலகம் எடுத்துக்கொண்டது அதை. ஆனால் அதே வரியின் கீழே, போன பொருளே திரும்பியது என்றும், கெடாமல் காப்பதற்கு மேல் அதற்கு வேறொன்றும் செய்யவில்லை என்றும் காட்டினால் இழக்காது என்றும் இருக்கிறது. மிளகாயைக் காயவைப்பது கெடாமல் காப்பதற்காக அன்றி வேறெதற்காக? உலர்த்துவது ஒன்றுமில்லாத வேலையானால், அதனால் எங்கள் வற்றல் நாட்டை இழந்தது எப்படி? பெரிய வேலையானால், இன்னொரு நாட்டைப் பெறாதது எப்படி? படிக்கப் படிக்க, பாறையில் கிளறிவிட்ட பழம்போல என் மண்டைதான் சூடாகிறது.

மேலாற்றில் ஒரு கம்பெனிப் பண்ணை இருக்கிறது. அவர்கள் மிளகாயைக் கொட்டகைக்குள் இயந்திரத்தில் உலர்த்துகிறார்கள். இயந்திரம் கடல் கடந்து வந்தது. அதற்கு ஊற்றும் எண்ணெயும் அப்படியே. அவர்களுக்குச் சான்று உடனே கிடைத்தது. அது முறையானதே என்று நம்புகிறேன். அவர்கள்மேல் எனக்குப் பொறாமை இல்லை. வெளிநாட்டு எண்ணெயில் காய்ந்தது உள்நாட்டு மிளகாய், வெளிநாட்டு வெயிலில் காய்ந்தது மட்டும் உள்நாட்டு மிளகாய் இல்லையா என்று எங்கள் உறுப்பினர்கள் கேட்கும்போது, செயலாளர் என்ற முறையில் நான் என்ன விடை சொல்ல வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

8. இம்மாதக் கடைசியில் கப்பல் புறப்படுகிறது. அதற்குள் சான்று வராவிட்டால் கம்பெனிப் பண்ணையிடமே வாங்கிக்கொள்வதாக ஆலை தெரிவித்துள்ளது. தலைவர் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. புதிய விண்ணப்பப் படிவமொன்றை மேசைமேல் வைத்தார்.

"‘சொந்தக் களம்’னு ரெண்டே வார்த்தை அத்தான். எழுதினா கை ஒடிஞ்சுடுமா?"

கப்பல் போய்விட்டால் தன் நிலத்தைக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விடப்போவதாகச் சொன்னார். உள்ளூர் வியாபாரியும் கோபத்தில் இருக்கிறாராம். "ஊரையே விக்க வேணாம்னு தடுத்தவன் நான். இனி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு மிளகாய் போடறது? கம்பெனி கேட்டுல தொப்பி போட்டுக்கிட்டு நிக்கறேன். நீங்க வர்றப்ப சல்யூட் அடிக்கிறேன்" என்று சிரித்தார். அவருடைய அக்கா சிரிக்கவில்லை. தலைவருக்குப் பின் மற்றவர்களும் குத்தகைக்கு விடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர் பேச்சைக் கேட்டு விற்காமல் வைத்தவர்கள், அவர் வழியிலேயே போவார்கள்.

அவர் போன பிறகு மனைவி சொன்னார்: "நான் பொய் எழுதச் சொல்லல. ஆனா உண்மைய எழுதச் சொன்னது யாரு?"

புதிய படிவத்தை நிரப்பிவிட்டேன். ‘சொந்தக் களம்’ என்றும் எழுதிவிட்டேன். கையொப்பம் மட்டும் இடவில்லை. அதை இம்மனுவோடு இணைத்திருக்கிறேன். உண்மை எழுதிய படிவம் நிராகரிக்கப்பட்டது. பொய் எழுதிய படிவம் ஏற்கப்படும் என்கிறார்கள். நான் எதில் கையொப்பமிட வேண்டும் என்று தாங்கள் ஒரு வரி எழுதினால் போதும்.

9. மேற்கண்டவை நேற்றுப் பகலில் வீட்டில் எழுதியவை. மனுவை முடித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். ஆனால் மாலையில் லாரி வந்தது. சான்று இல்லாத சரக்கை இனியும் வைத்திருக்க இயலாது என்று துறைமுகக் கிடங்கு மூட்டைகளைத் திருப்பி அனுப்பிவிட்டது. வழியில் மழை, லாரியின் தார்ப்பாயில் கிழிசல். கையில் அள்ளிக் குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும். சலசலக்கவில்லை. நனைந்த வற்றல் ஒரு முழு வெயில் காணாவிட்டால் பூஞ்சை பூத்துவிடும். பிறகு தாங்கள் சான்று தந்தாலும் அனுப்புவதற்கு ஒன்றும் இருக்காது. முழு வெயில் உள்ள இடம் எங்களுக்குத் தெரிந்து ஒன்றுதான்.

இன்று காலை மூட்டைகளைப் படகுத்துறைக்குக் கொண்டுவந்தார்கள். இத்தனை ஆண்டுகளாக எங்கள் மூட்டைகளை ஏறிட்டும் பார்க்காத கரைக்காவலர், இம்முறை எழுந்து வந்தார். அவரும் விஷயத்தைக் கேள்விப்பட்டிருந்தார்.

"இது ஏற்றுமதியா, காயப்போடவா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. நான் எழுதணும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏற்றுமதி என்றால் அனுமதியில்லை. காயப்போட என்றால், எந்தக் குற்றத்துக்காக வற்றல் நாட்டை இழந்ததோ அதையே அரசு ஊழியர் முன்னிலையில் மறுபடி செய்கிறோம். ஒருமுறை இழந்த நாட்டை இரண்டாம் முறையும் இழக்க முடியுமா என்ற ஐயமும் அப்போதே தோன்றியது.

"தெரியலைங்க" என்றேன்.

அவர் சற்று யோசித்துவிட்டு அதையே எழுதிக்கொண்டு படகை விட்டார். நல்ல மனிதர்.

10. ஆகவே தங்களை மிகவும் பணிந்து வேண்டுவது இதுதான். எங்கள் வற்றல் எந்த நாட்டுடையது என்று கப்பல் புறப்படுமுன் சொல்லியருள வேண்டும். நம் நாட்டுடையது என்றால் அதற்குச் சான்று தர ஆணையிட வேண்டும். அந்நாட்டுடையது என்றால் அதையாவது எழுத்தில் தாருங்கள். அங்கே காட்டிச் சான்று கேட்கிறோம். எந்த நாட்டுடையதும் அன்று என்றால், அப்படிப்பட்ட பொருளை விளைவித்தவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று அறிவுறுத்த வேண்டும். ஒப்பந்தம் போட்டவர்கள் பெரியவர்கள். அவர்கள் கணக்கில் இந்தப் பாறை வந்திருக்க நியாயமில்லை. ஒரு பாறையை உத்தேசித்து யாரும் ஒப்பந்தம் எழுத முடியாதென்பது எனக்கும் தெரியும். ஆனால் எழுதிய வரியைப் பாறைமேல் வைத்துப் படித்துப் பார்க்கத் தங்களைப் போன்ற ஒருவரால் முடியும் என்று நம்புகிறேன்.

இப்போது நான் அந்தப் பாறையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். தலைவர் சற்றுத் தள்ளி வற்றலைக் கிளறிக்கொண்டிருக்கிறார். என்னோடு பேசுவதில்லை. கொழுந்தியாள் ஒரு நாற்காலியும் குடையும் கொண்டுவந்து வைத்து, "நிழல்ல உக்காந்து எழுதுங்க அத்தான். நீங்களும் இங்க காஞ்சுட்டீங்கன்னா, உங்களையும் திருப்பி எடுத்துக்க மாட்டாங்க" என்றார். தலைவர் அப்போது அவரிடம், நான் பக்கத்தில் இருக்கும்போதே, "கடைசியில ‘இடம்’னு வருமே, அதுலயாவது நம்ம ஊர் பேரைப் போடச் சொல்லு" என்றார்.

நியாயமான யோசனைதான். இம்மனுவின் தாளும் மையும் நம் நாட்டவை. முதல் எட்டுப் பத்திகள் நம் கரையில் எழுதியவை. மாலைப் படகில் வற்றலோடு இதுவும் திரும்பிவிடும். ஆனாலும் ஊர்ப் பெயரைப் போட என்னால் முடியவில்லை. இதனால் இது நம் நாட்டு மனு அன்று என்று ஆகிவிடுமானால், தயைகூர்ந்து தெரிவியுங்கள். எங்கள் களத்து நிழலில் உட்கார்ந்து முழுவதையும் மறுபடி எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் விடைக்குக் காத்திருக்கும்,
செயலாளர்
(ஒப்பம்)

நாள்: ஆகஸ்ட் 19
இடம்: எதிர்க்கரைப் பாறை (வெயிலில்)